எடைக்குப் போன வரலாறு

பழைய புத்தகக் கடைகளில் நாள் முழுக்கச் சுற்றுவதை ஒரு சுகமான பொழுதுபோக்காகவே பலரும் எழுதியிருக்கிறார்கள். மூர் மார்க்கெட் என்றால் அரிய புத்தகம், இசைத்தட்டு, பேரம் எல்லாம் வரும். யாருடைய தாள் அங்கே வந்தது, யாருடையது வராமலே போனது என்கிற கேள்வி மட்டும் வராது.

பிராட்வேயில் இருந்த பாப்பம் சந்தை சுகாதாரக் கேடு என்று ஒதுக்கப்பட்டபின் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் எழுந்தது மூர் மார்க்கெட். அடிக்கல் 1898இல், திறப்பு 1900இல். நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பேரையே அதற்கு வைத்தார்கள்.

அதே ஆண்டுகளைச் சேரிப் பக்கம் திருப்பிப் பாருங்கள். 1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். மூர் மார்க்கெட் திறந்த 1900இல் அது நின்றுபோனது. 1907 ஜூனில் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் இறக்கும்வரை நடத்திய அந்த வார இதழைக் கோலார் தங்கவயலிலும், ரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவிலும் படித்தார்கள். இத்தனை தாளும் எங்கே போயிற்று?

சந்தைக்குத் தாள் வரும் வழியைக் கவனியுங்கள். வசதியான வீட்டில் பெரியவர் கண்மூடினால் அலமாரி காலியாகும். "எடத்த அடைக்குது, எடுத்துட்டுப் போப்பா" என்பார்கள். பழைய பேப்பர்காரர் தராசோடு வருவார். அவரிடமிருந்து காயலான் கடை, அங்கிருந்து புத்தகக் கடை. வழியில் எது விலை போகும் என்று பிரிப்பார்கள். கெட்டி அட்டை இங்கிலீஷ் புத்தகம் தப்பித்துக்கொள்ளும். நாலு பக்கப் பத்திரிகை பொட்டலம் மடிக்கப் போகும். சேரி வீட்டிலோ அலமாரியே கிடையாது. ஓலைக் கூரை, மழை, கறையான், பிறகு சாதிக்காரன் வைத்த தீ. இத்தனைக்கும் பிறகு, "படிக்காத சனம் பத்திரிகையா நடத்திச்சு?" என்று கேட்கிறான். தாளை அழியவிட்டுவிட்டு, தாள் இல்லை, அதனால் வரலாறும் இல்லை என்கிறான்.

தப்பிப் பிழைத்தவை நம்மவர்கள் பொத்திவைத்தவை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்தார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்ட 'தமிழன்' இதழ்களிலிருந்துதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடி ஒரு நூலே எழுதினார். முக்கால் நூற்றாண்டு எழுத்து இது! பெரியார் 'குடி அரசு' தொடங்கிய 1925க்கு அரை நூற்றாண்டு முன்பே நம் ஆட்கள் அச்சுக் கோத்துவிட்டார்கள்.

1985 மே 30இல் மூர் மார்க்கெட் எரிந்தது. வியாபாரிகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. அந்தச் சிவப்புக் கட்டடத்துக்காவது ஒரு சின்ன மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். நின்றுபோன நம் பத்திரிகைகளுக்கு அதுவும் கிடையாது.

ஆகவே தோழர்களே, பழைய கடைக்குப் போனால் கெட்டி அட்டையை விட்டுவிட்டு அடியில் கிடக்கும் உதிரித் தாளைப் புரட்டுங்கள். அச்சகத்தின் பேர், சந்தாதாரர் ஊர், நன்கொடைப் பட்டியல் எல்லாமே சாட்சி. அதற்கும் முன்னால், உங்கள் பாட்டி வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். தராசுக்காரர் வருவதற்குள் திறந்தாக வேண்டும்.