கடற்பாலங்களின் வரலாறு: கட்டியவர்களும் காத்தவர்களும்

துறைமுகங்களைப் பற்றிய நம் வரலாற்றெழுத்தில் ஒரு சாய்வு உண்டு. ஒரு கடற்பாலம் எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, அதன் நீளம் எவ்வளவு, எவர் ஆட்சியில் எழுந்தது என்பன தவறாமல் பதிவாகின்றன. திறப்பு விழாவுக்கு மறுநாளே கடல் அதனை அரிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதும், அதன் பின்னர் அது நின்ற ஒவ்வோர் ஆண்டும் எவருடைய உழைப்பாலோ நின்றது என்பதும் பதிவாவது அரிது. பராமரிப்பை மையமாக வைத்து நோக்கினால் இந்தியக் கடற்பாலங்களின் வரலாறு வேறு வடிவம் கொள்கிறது.

சோழமண்டலக் கரையிலும் திருவிதாங்கூர்க் கரையிலும் இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் மனிதரும் படகுகளில் கரை சேர்ந்தனர். சென்னையில் இவ்வேலையைச் செய்தவை மசூலா படகுகள். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட அப்படகுகள், அலை மோதும்போது வளைந்துகொடுத்துத் தப்பின. எனினும் கரையோர அலைகளில் சரக்கு நனைவதும் உயிர்கள் போவதும் வழக்கமாகவே இருந்தன. அலை உடையும் பகுதியைத் தாண்டிக் கடலுக்குள் நீளும் பாலமே இதற்குத் தீர்வாகக் கருதப்பட்டது.

எந்தப் பொருளால் கட்டுவது என்பது அடுத்த சிக்கல். மரத்தூண்களைக் கப்பற்புழு துளைத்து உள்ளீடற்றவை ஆக்கிவிடும். அயர்லாந்தைச் சேர்ந்த பார்வையற்ற பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல் 1833-இல் காப்புரிமை பெற்ற திருகுத்தூண், மணற்பாங்கான கடலடியில் இரும்பைத் திருகி இறக்கும் வழியைக் காட்டியது. ஆயினும் இரும்புக்கும் பகை உண்டு. நீர்மட்டத்தை ஒட்டி, மாறி மாறி நனைந்தும் உலர்ந்தும் கிடக்கும் பகுதியில்தான் துரு மிக விரைவாகப் பரவுகிறது. வண்ணம் பூசுவதும் தேய்ந்த இணைப்புகளை மாற்றுவதும் முடிவில்லாத பணிகள்.

சென்னையில் 1861-இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம் 1868, 1872 ஆம் ஆண்டுகளின் புயல்களால் பயனற்றுப் போயிற்று. அதன் பின்னரே 1876-இல் அலைதடுப்புச் சுவர்களால் சூழப்பட்ட செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. நிறைவை நெருங்கியிருந்த அச்சுவர்களையும் 1881-இன் புயல் சிதைத்தது. இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தூண்கள் மீது நிற்கும் பாலம் தன் கால்களுக்கிடையே மணலைப் போகவிடும். கற்சுவர் அதனைத் தடுத்துவிடும். ஆண்டின் பெரும்பகுதியும் வடக்கு நோக்கி நகரும் மணல், துறைமுகத்தின் தெற்கே தேங்கி மெரினாவை விரித்தது. வடக்கே இராயபுரத்திலும் அதற்கப்பாலும் கடல் நிலத்தைத் தின்றது. பராமரிப்புச் சுமை துறைமுகத்திலிருந்து மீனவர் குடியிருப்புகளின் மீது இறங்கியது எனலாம்.

ஆலப்புழையில் 1862-இல் அமைந்த கடற்பாலத்தின் கதை வேறு. கயிறும் மலைவிளைபொருள்களும் சென்ற அத்துறையின் வணிகத்தை, இராபர்ட் பிரிஸ்டோவின் பொறுப்பில் விரிவடைந்த கொச்சித் துறைமுகம் இருபதாம் நூற்றாண்டில் ஈர்த்துக்கொண்டது. பாலத்தைப் பேணுவதற்கான பொருளியல் காரணம் மறைந்தது. இன்று கடலில் நிற்கும் துருவேறிய தூண்கள், கடலின் வலிமையைக் காட்டிலும் வணிகத்தின் இடப்பெயர்ச்சிக்கே சான்றாகின்றன.

விடுதலைக்குப் பின் கற்காரை நிலைத்த தீர்வாகக் கருதப்பட்டது. திருவனந்தபுரம் வலியதுறையில் 1947-இல் கப்பல் மோதிச் சிதைந்த பாலத்துக்கு மாற்றாக 1956-இல் புதியது எழுந்தது. புதுச்சேரியில் 1952-இன் புயல் அழித்த பழைய பாலத்துக்கு மாற்று 1962-இல் வந்தது. ஆனால் கடலின் உப்பு கற்காரைக்குள் ஊடுருவி உள்ளிருக்கும் கம்பியை அடைகிறது. துருப்பிடித்த கம்பி பருத்துத் தன்னை மூடிய கற்காரையையே பிளக்கிறது. வெளியே விரிசல் தெரியும்போது உள்ளே நோய் முற்றியிருக்கும். புதுச்சேரிப் பாலத்தின் ஒரு பகுதி 2022-இல் இடிந்தது. வலியதுறைப் பாலம் 2024-இல் இரண்டாகப் பிரிந்தது. சரக்குக் கப்பல்கள் நின்றுபோன பின்னரும், அலை சீறும் பருவத்தில் கடலுக்குள் இறங்க வலியதுறை மீனவர்களுக்கு அப்பாலமே வழியாக இருந்தது. துறைமுகக் கணக்கில் பயனற்றதாகிவிட்ட ஒன்று, கரைவாழ்வோர் கணக்கில் பயன்பாட்டிலேயே இருந்தது.

ஆகவே ஒரு கடற்பாலத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை இரண்டு: அதனைத் தாக்கும் கடல், அதனைப் பேணுவது தகுமா என்று கணக்கிடும் நிறுவனம். முதலாவதைப் பற்றிப் பொறியியல் பேசுகிறது. இரண்டாவதைப் பற்றி வரலாறுதான் பேச வேண்டும். துறைமுக வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவர்கள் திறப்பு விழாக் கல்வெட்டுகளோடு நின்றுவிடாமல், ஆண்டறிக்கைகளின் பழுதுபார்ப்புச் செலவு, கூலிப் பட்டியல், ஒத்திவைக்கப்பட்ட பணிகள் ஆகியவற்றையும் தேடிப் படிக்க வேண்டுகிறேன். எவருக்குப் பயன்படும்வரை ஒரு பாலம் பேணப்பட்டது, எவருக்கு மட்டும் பயன்பட்டபோது கைவிடப்பட்டது என்ற கேள்விக்கு அப்பக்கங்களில்தான் விடை கிடைக்கும்.