ஒரு சப்ளையர், பத்தாயிரம் இலை

பண்டிகைக்கு ஊருக்கு டிக்கெட் போடும்போது திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்குமே, அதைத் திட்டாத வெளியூர்த் தமிழர் உண்டா? "பொட்டி தட்டுறவன்தானே, ஏன்னு சொல்லு" என்று வீட்டில் கேட்கிறார்கள். இதற்குப் பின்னால் நாற்பது வருஷக் கதை இருக்கு மக்களே.

நம்மூர் மெஸ்ஸை நினைச்சுக்குங்க. இலைக்கு ஒரு சப்ளையர். இதுதான் யூனிக்ஸின் பழைய வழி: வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபோர்க் போட்டு ஒரு ப்ராசஸ். ஒருத்தர் தடுக்கி விழுந்தாலும் பக்கத்து இலைக்குச் சாம்பார் வந்துடும். ஆனால் சம்பளம் கட்டுப்படியாகாது. இன்னொரு வழி, ஒரே சப்ளையர். கை தூக்குகிற இலைக்கு மட்டும் போவார். 1983-ல் 4.2 பிஎஸ்டியில் வந்த 'செலக்ட்' இதற்குத்தான்.

இரண்டையும் சேர்ப்பது இன்றைய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறவர்கள் 1986-ன் 4.3 பிஎஸ்டியைப் பார்க்கணும். அதில் 'ஐநெட்டி' என்று ஒரு வாசல்காரர். எல்லாக் கதவையும் ஒற்றை ஆளாக செலக்ட் போட்டுக் கவனிப்பார். யாராவது வந்தால் டெல்நெட்டுக்கோ எஃப்டிபிக்கோ தனி ப்ராசஸைக் கிளப்பி ஒப்படைப்பார். என்னைக் கேட்டால் அது இன்னமும் அழகான நிரல்தான்.

அப்புறம் வலை வந்தது. 1995-ல் வந்த அப்பாச்சி, ப்ராசஸ்களை முன்கூட்டியே கிளப்பி வரிசையாக நிறுத்தி வைத்தது. 1999-ல் டான் கெகல், ஒரே சர்வர் பத்தாயிரம் பேரை ஏன் சமாளிக்கக் கூடாது என்று கேட்டார். 'சி10கே' என்று அதற்குப் பேர். செலக்டோ ஒவ்வொரு முறையும் எல்லா இலையையும் எட்டிப் பார்க்கும். 2000-ல் ஃப்ரீபிஎஸ்டியின் கேக்யூவும் 2002-ல் லினக்ஸின் ஈபோலும் கை தூக்கினவர்கள் பட்டியலை மட்டும் நீட்டின.

ஆனாலும் கடைசி பெர்த்தைப் பூட்டுகிற தரவுத்தளத்தின் முன்னால், எத்தனை சப்ளையர் இருந்தாலும் வரிசைதான். வட்டம் சுத்த அது ஒன்றே போதும்.

ஒற்றை சப்ளையருக்கு இன்னொரு வினை. அவர் அரிசி எடுக்க உள்ளே போனால் மொத்த மெஸ்ஸும் பட்டினி. வட்டிலிருந்து கோப்பு படிப்பது அப்படிப்பட்ட வேலை. 1999-லேயே ரைஸ் பல்கலைக்கழகத்தின் 'ஃப்ளாஷ்' சர்வர் (அனிமேஷன் ஃப்ளாஷ் இல்லைங்க!) உள்வேலைக்கென்று உதவி ப்ராசஸ்களை வைத்துக்கொண்டது. இகோர் சிசோயெவ் 2002-ல் தொடங்கி 2004-ல் வெளியிட்ட என்ஜினெக்ஸில் மேற்பார்வைக்கு ஒரு ப்ராசஸ்; அதன் கீழ் வழக்கமாக ஒரு கோருக்கு ஒரு வேலையாள், ஒவ்வொருவருக்கும் தனி ஈவன்ட் லூப்.

அதிலும் ஒரு கூத்து. ஒரே ஒரு வாடிக்கையாளர் நுழைந்தால் தூங்குகிற வேலையாட்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடுவார்கள். ஒருத்தருக்குத்தான் ஆள் கிடைக்கும். ஒரே போர்ட்டில் ஆளுக்கொரு வாசல் வைத்துக்கொள்ளும் வசதி லினக்ஸ் 3.9-ல், 2013-ல்தான் வந்தது.

2015-ல் என்ஜினெக்ஸும் வட்டு படிக்கத் தனியாக த்ரெட்டுகளை வைத்துக்கொண்டது. ரைஸ்காரர்கள் பதினாறு வருஷம் முன்னாலேயே செய்ததன் இன்னொரு வடிவம்தான்.