விந்தணு ரிப்போர்ட்டில் ‘4 சதவிகிதம்’... பதறணுமா?

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினாலே, ‘விசேஷம் உண்டா?’ என்ற கேள்வி பெண்ணைத்தான் துரத்தும். ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே என அவர் ஒரு ரவுண்டு முடித்திருப்பார். கணவரோ, ‘எனக்கென்ன பிரச்னை இருக்கப்போகுது’ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். ஆனா, குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. ஊசி, வலி எதுவும் இல்லாத இந்த டெஸ்ட்டைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

சரி, ரிப்போர்ட் வந்துவிட்டது. ‘இயல்பான வடிவம்: 4 சதவிகிதம்’ என்று பார்த்ததும் பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. பதற வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி 4 சதவிகிதமே போதும். ஒரு மில்லி விந்தில் 1.6 கோடி அணுக்கள், அவற்றில் 42 சதவிகிதம் அசைய வேண்டும், 30 சதவிகிதம் முன்னோக்கி நீந்த வேண்டும். இதெல்லாம் பாஸ் மார்க் கிடையாது. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி 5 சதவிகிதத்தினர் எந்த அளவில் இருந்தார்கள் என்று பார்த்து வைத்த கோடு. அதற்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் உண்டு. மேலே இருந்தும் சிகிச்சைக்கு வருபவர்கள் உண்டு.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும். போன மாதம் அடித்த காய்ச்சல்கூட இந்த மாத ரிப்போர்ட்டில் தெரியும்.

அப்படியானால் இந்த எண்களால் என்ன பயன்? எந்த சிகிச்சை பொருத்தம் என்பதை இவைதான் சொல்கின்றன. ஐ.யு.ஐ-யில் விந்தைக் கழுவிச் சுத்தம்செய்து, நன்றாக நீந்தும் அணுக்களைக் கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். அதன்பிறகு கருக்குழாய் வரை நீந்திப்போவது அணுக்களின் வேலை. கழுவிய பிறகு நீந்தும் அணுக்கள் 50 லட்சத்துக்கும் குறைவு என்றால் வெற்றி வாய்ப்பு இறங்கிவிடும். அந்த நிலையில் ஐ.யு.ஐ-யையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பது பணத்தோடு காலத்தையும் கரைப்பதுதான்.

எண்ணிக்கை மிகவும் குறைவு என்பவர்களுக்காக 1992-ல் பெல்ஜியத்திலிருந்து வந்தது ‘இக்ஸி’. கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்தும் முறை. விந்தில் அணுவே இல்லாத சிலருக்கு விதைப்பையிலிருந்து நேரடியாக எடுத்தும் இதைச் செய்கிறார்கள். இங்கே எண்ணிக்கை பெரிய தடை இல்லை. வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பது மனைவியின் வயதும் கருமுட்டையின் தரமும்தான். கணவர் டெஸ்ட்டுக்கு வராமல் கழித்த இரண்டு, மூன்று வருஷங்கள் கடிப்பது இந்த இடத்தில்தான்.

‘இக்ஸி என்றால் சக்சஸ் அதிகமாமே’ என்று, விந்தணு நார்மலாக இருப்பவர்களும் கேட்கிறார்கள். வியட்நாமில் அப்படிப்பட்ட 1,064 தம்பதிகளிடம் செய்த ஆய்வு 2021-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. குழந்தை பிறந்தது இக்ஸியில் 35 சதவிகிதம், சாதாரண ஐ.வி.எஃப்-பில் 31 சதவிகிதம். புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை.

எண்ணிக்கை நன்றாக இருந்தும் கரு திரும்பத் திரும்பக் கலைகிறது என்றால், விந்தணுவின் டி.என்.ஏ சிதைவைப் பார்க்கும் தனி டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை. ஜிம்முக்குப் போகிறவர் என்றால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுவதை மறைக்காதீர்கள். ‘ஆண்மை’க்கான ஹார்மோன்தானே என்று போடும் அந்த ஊசி, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

சாம்பிள் கொடுக்கும் முன் 2 முதல் 7 நாள்கள் தாம்பத்ய இடைவெளி வேண்டும். கொஞ்சம் சிந்திவிட்டால் கூச்சப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். வீட்டிலிருந்து எடுத்துப்போனால் ஒரு மணி நேரத்துக்குள், சட்டைக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்துக் கொண்டுபோங்கள். பைக் பெட்டியில் வேண்டாம்!