கத்தரி யாருடைய கையில்?

வரலாறு படிப்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில், அரசு தடைசெய்த படங்களைவிட எவரும் தடைசெய்யாமலே மறைந்த படங்கள்தாம் எனக்குக் கூடுதல் கவலை தருகின்றன. தடை என்றால் கட்டளை இருக்கும். அதில் திகதியும் கையொப்பமும் இருக்கும். அவற்றை வைத்து வழக்காடலாம்.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் நிதியுதவியுடன் 1997இல் உருவானது. படையில் சேர்ந்த மகனின் முத்திரையிட்ட சவப்பெட்டி வந்த பின்னும் அவன் இறந்ததை நம்ப மறுக்கும், கண்பார்வையற்ற வன்னிஹாமியின் கதை. யுத்த நிலைமையைக் காரணங்காட்டி 2000ஆம் ஆண்டில் அரசு அதைத் தடுத்தது. நெறியாளர் உயர் நீதிமன்றம் சென்றார். 2001இல் நீதிமன்றம் படத்தைத் திரையிட வழிசெய்து, நட்டஈடும் வழங்கியது. வராத பிள்ளைகளுக்காகப் பெற்றோர் காத்திருக்கும் வன்னி மண்ணில், கனகராயன்குளத்தில் இருந்து எழுதும் எனக்கு வன்னிஹாமி அந்நியரல்லர். தடையை மீறி அவர் நம்மிடம் வந்து சேர்ந்தார்.

பெரிய கம்பனிகளின் கதை வேறு. தலாய் லாமாவின் இளமையைக் கூறும் ‘குன்டுன்’ படத்தை டிஸ்னி 1997இல் வெளியிட்டது. சீனா சினங்கொண்டது. மறு ஆண்டே கம்பனித் தலைவர் மைக்கல் ஐஸ்னர், சீனப் பிரதமர் சூ ரொங்ஜியைச் சந்தித்து அப்படம் தவறென்று வருத்தம் தெரிவித்தார். 2005இல் ஹொங்கொங்கிலும் 2016இல் ஷங்ஹாயிலும் டிஸ்னியின் பூங்காக்கள் திறந்தன. 2020இல் வந்த ‘முலான்’ படத்தின் முடிவில், சின்ஜியாங் பிரசாரப் பிரிவுக்கும் துர்ப்பான் பொதுப் பாதுகாப்புப் பணியகத்துக்கும் நன்றி கூறப்பட்டிருந்தது. உய்குர் முஸ்லிம்கள் முகாம்களில் அடைக்கப்பட்ட பிரதேசம் அது!

காரணம் சந்தை. வருமானப் பங்கோடு சீனாவுக்குள் வரும் வெளிநாட்டுப் படங்களின் எண்ணிக்கை 2012 உடன்பாட்டில்தான் 34 ஆக உயர்ந்தது. அந்த 34இல் இடம்பிடிக்க வேண்டுமே! ‘ரெட் டோன்’ படத்தில் அமெரிக்காவை ஆக்கிரமிப்போர் சீனராகவே படமாக்கப்பட்டனர். அது 2012இல் திரைக்கு வருமுன் கணினியால் வடகொரியராக மாற்றப்பட்டனர். தணிக்கையாளர் வாய் திறக்குமுன்பே கத்தரி வேலை செய்துவிட்டது.

தமிழுக்கும் இது வந்துவிட்டது. நயன்தாரா நடித்த ‘அன்னபூரணி’ இந்தியத் தணிக்கைச் சபையின் சான்றிதழுடன் 2023 டிசம்பரில் திரைக்கு வந்தது. கோயில் மடைப்பள்ளிச் சமையற்காரரின் மகள் பிரியாணி சமைக்குமுன் தொழும் காட்சியும், இராமர் இறைச்சி உண்டதாக வரும் வசனமும் இந்து அமைப்புகளின் கண்டனத்துக்குள்ளாயின. 2024 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் படத்தை அகற்றியது. தயாரிப்பில் பங்குகொண்ட ஸீ ஸ்டூடியோஸ் மன்னிப்புக் கோரியது. வன்னிஹாமிக்குக் கிடைத்தது போன்ற தீர்ப்பொன்றுக்கு அங்கே வழியே இருக்கவில்லை.

இவ்விடத்தில் நம்மையும் கேட்டுக்கொள்வோம். 2013இல் ‘விஸ்வரூபம்’ தமிழ்நாட்டில் தடுக்கப்பட்டு, முஸ்லிம் அமைப்புகளுடனான பேச்சின் பின் சில காட்சிகள் வெட்டப்பட்டு வெளிவந்தபோது நானும் மகிழ்ந்தேன். முஸ்லிம்களை அப்படிக் காட்டியது குறித்த மனக்குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அதை எழுதித் தீர்த்திருக்க வேண்டும்; வெட்டித் தீர்த்திருக்கக் கூடாது. அன்று நாம் கைதட்டிய கத்தரி, பதினொரு ஆண்டுகளின் பின் ஒரு தொழுகைக் காட்சியின் மீதே விழுந்தது.

கத்தரிக்கு மதம் தெரியாது. அதைப் பிடித்திருக்கும் கையின் பலம் மட்டுமே அதற்குத் தெரியும்.