சமநிலையின் விலை: ஸ்ரெப்ரோமைசினும் உட்செவி மயிர்க்கலங்களும்

மனிதன் இருளில் தடுமாறாது நடப்பதற்கும், தலையசைவின்போது கண்முன்னுள்ள காட்சி தளும்பாது நிற்பதற்கும் உட்செவியிலுள்ள மயிர்க்கலங்கள் இன்றியமையாதன. அரைவட்டக் கால்வாய்களிலும் அவற்றை அடுத்த இரு சிறு பைகளிலும் அமைந்த இக்கலங்கள் தலையின் அசைவை நரம்புக் கணத்தாக்கமாக மாற்றுவன. அழிந்தபின் இவை மனிதரிடத்துப் பயன்தருமளவிற்கு மீள வளர்வதில்லை. இவற்றின் அருமையை மருத்துவ உலகம் நன்குணர்ந்தது, சயரோகத்தை வெல்ல வந்த ஒரு மருந்தின் வாயிலாகவேயாகும்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அல்பேட் ஷாட்ஸ், மண்வாழ் நுண்ணுயிரொன்றிலிருந்து ஸ்ரெப்ரோமைசினைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சார்ந்த ஹின்ஷோ, பெல்ட்மன் ஆகியோர் அதனைச் சயரோகிகளுக்கு வழங்கத் தொடங்கினர். 1945இலேயே சமநிலை உறுப்புப் பாதிப்புறுவதையும் அவதானித்தனர். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1948இல் வெளியிட்ட அறிக்கை இம்மருந்தின் இரு முகங்களையும் எண்களாற் காட்டுகின்றது. நாளொன்றுக்கு 2 கிராம் மருந்து பெற்ற 55 பேருள் ஆறு மாதத்தில் இறந்தோர் நால்வர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேருள் இறந்தோர் 14 பேர். ஆயின், மருந்து பெற்றோருள் 36 பேர் தலைச்சுற்றலுக்கு ஆளாயினர்.

அவ்விழப்பு எத்தகையது என்பதை 1952இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் தம் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் இட்டெழுதிய மருத்துவர் ஒருவர் விளக்கினார். ஸ்ரெப்ரோமைசினாற் சமநிலையுணர்வை இழந்த அவர், தமது நாடித்துடிப்பின் அசைவே எழுத்துக்களை ஆடச்செய்தமையால், கட்டிலின் தலைப்புறக் கம்பிகளிடையே தலையை இறுத்தி நூல் வாசித்தார்.

பாதுகாப்பு முயற்சிகளுள் முதலாவது மருந்தின் அமைப்பையே மாற்றுவதாகும். 1946இல் உருவாக்கப்பட்ட டைஹைட்ரோஸ்ரெப்ரோமைசின் சமநிலையைக் குறைவாகவே தாக்கியது. எனினும் அது கேட்டற் கலங்களை அழித்து, சிகிச்சை முடிந்து சில காலத்தின் பின்னரும் மீளாச் செவிட்டுத்தன்மையை விளைத்தமையாற் கைவிடப்பட்டது. அளவைக் குறைத்தலே இரண்டாவது வழியாயிற்று. 1952இல் ஐசோனியசிட் வந்தபின், மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறை அதற்கு இடமளித்தது.

1963இல் அறிவிக்கப்பட்ட ஜென்ரமைசின் இச்சிக்கலைச் சயரோக விடுதிகளுக்கு அப்பாலும் கொண்டுசென்றது. இவ்வின மருந்துகள், அசைவை உணர்வதற்கென மயிர்க்கலத்திலமைந்த அயன் வாயிலினூடாகவே உட்புகுகின்றன என்பது 2005ஆம் ஆண்டளவிற் புலனாயிற்று. உட்புகுந்த மருந்து இரும்புடன் சேர்ந்து தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் மூலிகங்களைத் தோற்றுவிக்கின்றது என்ற கருத்தின் அடிப்படையிற் சீனாவில் நிகழ்ந்த ஆய்வொன்று 2006இல் வெளியாயிற்று. ஜென்ரமைசினுடன் அஸ்பிரின் பெற்றோரிற் கேட்டலிழப்பு 3 வீதமாகவும், ஏனையோரில் 13 வீதமாகவும் இருந்தது. ஆயினும் அவ்வாய்வு அளந்தது கேட்டலையேயன்றிச் சமநிலையையன்று என்பது நோக்கற்பாலது.

இவ்விடத்திலேயே வரலாறு தரும் பாடம் தெளிவாகின்றது. படுக்கையிற் கிடக்கும் நோயாளி தமது இழப்பை எழுந்து நடக்கும்வரை அறியார். கேட்காதவரை மருத்துவரும் அறியார். 1988இல் ஹல்மாஜி, கேர்தோய்ஸ் ஆகியோர் விவரித்த சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நோயாளி மருத்துவரின் மூக்கை நோக்கியிருக்க, மருத்துவர் அவர் தலையைச் சட்டெனச் சிறிது திருப்புவார். சமநிலையுணர்வு குன்றியிருப்பின் கண்கள் இலக்கைத் தவறவிட்டுப் பின்னர் தாவிச் சென்று பற்றும்.

2018இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளை எதிர்க்கும் சயரோகத்திற்கு ஊசிமருந்துகளைத் தவிர்த்து, வாய்வழி மருந்துகளுக்கு முதன்மையளிக்குமாறு பரிந்துரைத்தது. ஆயின் பிறந்த குழந்தைகளின் குருதித்தொற்றுக்கு ஜென்ரமைசின் இன்றும் உயிர்காக்கும் மருந்தாகும். ஆகவே அதனை அறவே விலக்குதல் இயலாது. தேவையான நாட்களுக்கு மட்டும் வழங்குதல், குருதியிலுள்ள அளவையும் சிறுநீரகத் தொழிற்பாட்டையும் கண்காணித்தல், நோயாளியை எழுப்பி நிறுத்திச் சோதித்தல் ஆகிய எளிய வழிகளே, காப்பு மருந்தொன்று உறுதிப்படும்வரை இம்மயிர்க்கலங்களுக்கு அரணாவன.