ஐம்பதுக்கு ஒன்று: இருவீச்சுப் பொறியும் அதன் எண்ணெயும்

2003-ஆம் ஆண்டு ஜூலை 1-க்கு முன்னர்ப் பதிவு செய்யப்பெற்ற மோட்டார் சைக்கிள்கள், 2028 ஜூன் 30-க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட இயலாது. தேசியச் சுற்றுப்புற வாரியம் இதனை 2018 ஏப்ரலில் அறிவித்தபோது அத்தகைய வண்டிகள் ஏறத்தாழ 27,000 இருந்தன. 2023 ஏப்ரல் 5-க்குள் அவற்றைப் பதிவிலிருந்து நீக்கியோருக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் வழங்கப்பெற்றது. அவ்வண்டிகளுள் பல, 'டூ-ஸ்ட்ரோக்' என்று நாம் வழங்கும் இருவீச்சுப் பொறி கொண்டவை.

செம்பவாங் வட்டாரத்தில் வாழும் நமக்கு இச்செய்தி சற்று நெருக்கமானது. 1938-இல் திறக்கப்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளமும், 1968-இல் அதன் கப்பல் பட்டறையை ஏற்ற செம்பவாங் கப்பல் பட்டறையும் தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் உழைத்த இடங்கள். உழைக்கும் மக்கள் மிதிவண்டியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறிய காலத்தில், விலை குறைந்த வண்டிகள் பலவும் இருவீச்சு வண்டிகளாகவே இருந்தன. அவை விட்டுச் சென்ற நீலப்புகையையும் எண்ணெய் நெடியையும் நாற்பது வயதைக் கடந்த பெற்றோர் பலர் நினைவு கூர்வர்.

அப்பொறியைச் சாலையிலிருந்து அகற்றியது எது? பொறியின் குறைபாடா? அதில் எண்ணெய் ஊற்றிய கையின் குறைபாடா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறியின் அமைப்பு

நான்கு வீச்சுப் பொறியில் மசகெண்ணெய் அடித்தொட்டியில் தங்கி, சுற்றிச் சுற்றி வந்து பாகங்களை நனைக்கிறது, எரிவதில்லை. இருவீச்சுப் பொறியின் வழி வேறு. ஸ்காட்லாந்தில் பிறந்த டூகால்ட் கிளார்க் 1881-இல் இருவீச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் பின்னாளில் உலகெங்கும் பரவிய எளிய வடிவத்துக்கு வழிகோலியவர் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே. அவரது காப்புரிமை 1891-ஆம் ஆண்டினது. பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறையையே ஒரு காற்றுத் துருத்தியாக்கி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அதன் வழியாகவே மேலே அனுப்பினார் அவர். வால்வுகள் வேண்டியதில்லை, பாகங்கள் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. எரிபொருள் செல்லும் வழியாகக் கிராங்க் அறை மாறிவிட்டதால், எண்ணெயைத் தேக்கி வைக்க இடமில்லை. எனவே எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே அனுப்ப வேண்டும். அது தாங்கிகளையும் சிலிண்டர்ச் சுவரையும் நனைத்துவிட்டு, மேலே சென்று ஓரளவு எரிந்து, எரியாத மீதி புகையாக வெளியேறும். பழைய கலவை வெளியேறும்போது புதிய கலவையிலும் ஒரு பங்கு எரியாமலே தப்பிச் செல்லும். ஆக, பொறியைக் காக்கும் அதே எண்ணெய்தான் தெருவில் நடப்பவர் மூச்சிலும் கலக்கிறது. ஊற்றும் அளவு ஏன் இத்துணை முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

விளக்கெண்ணெயிலிருந்து 'டூ-டி' எண்ணெய் வரை

தொடக்கக் காலத்தில் இதற்கெனத் தனி எண்ணெய் கிடையாது. கிடைத்த கனிம எண்ணெயையே கலந்தனர். பந்தய வண்டியோட்டிகள் நம் வீட்டு விளக்கெண்ணெயை, அதாவது ஆமணக்கு எண்ணெயை, பெரிதும் நாடினர். கடும் வெப்பத்திலும் அதன் வழவழப்புப் படலம் எளிதில் அறுபடாது. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நிறுவனம் 1909-இல் ஆமணக்கு எண்ணெய் சேர்த்த மசகெண்ணெயை வெளியிட்டு, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரைத் தழுவியே அதற்குக் 'காஸ்ட்ரால்' என்று பெயரிட்டது. ஆயினும் ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலோடு நன்கு கலப்பதில்லை; குளிரில் பிரிந்து நிற்கும்; பிசினையும் படியவிடும். அன்றாட வண்டிக்கு அது பொருந்தவில்லை.

பழைய பொறிகள் 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் கேட்டன. 1939-இல் ஜெர்மனியின் டிகேடபிள்யூ நிறுவனம் உருவாக்கிய ஆர்டி 125 வண்டி, போருக்குப் பின் பல நாடுகளில் படியெடுக்கப்பெற்றது. 1955-இல் யமஹா வெளியிட்ட அதன் முதல் மோட்டார் சைக்கிளும் அவ்வழி வந்ததே. எண்ணெயின் தரமும் தாங்கிகளின் தரமும் உயர உயர, அளவு 24-க்கு 1, பின்னர் 50-க்கு 1 எனக் குறைந்தது. படகுகளின் பின்புறம் மாட்டும் வெளிப்பொறிகளிலும் 1960-களில் 50-க்கு 1 வழக்கத்துக்கு வந்தது. 1980-களின் நடுவில் அமெரிக்கப் படகுப்பொறி நிறுவனம் ஒன்று 100-க்கு 1 போதும் என்று கூறிப் பார்த்து, பிறகு 50-க்கு 1 என்பதற்கே திரும்பியது. எண்ணெய் மிகினும் தீங்கு, குறையினும் தீங்கு.

அளவிடும் வேலையை மனிதக் கையிலிருந்து முதலில் எடுத்தவர்கள் பொறியியலாளர்களே. 1964-இல் யமஹா 'ஆட்டோலூப்' என்னும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. எண்ணெய்க்குத் தனித் தொட்டி. ஒரு சிறு பம்ப், பொறியின் வேகத்துக்கும் ஆக்சிலரேட்டரைத் திருகும் அளவுக்கும் ஏற்ப எண்ணெயைச் செலுத்தும். மெதுவாக ஓடும்போது குறைவாகவும், விரைந்து ஓடும்போது கூடுதலாகவும் எண்ணெய் சென்றது. இவ்வமைப்புள்ள வண்டியில், ஓட்டுநர் எண்ணெய்த் தொட்டி வற்றாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

எண்ணெயின் தரத்துக்கும் அளவுகோல்கள் பிறந்தன. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் டிசி தரம், ஜப்பானியரின் ஜாசோ தரங்கள் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 1994-இல் வந்த ஜாசோ, எஃப்ஏ, எஃப்பி, எஃப்சி எனத் தரம் பிரித்தது. எஃப்டி பின்னர்ச் சேர்ந்தது. வழவழப்பு, தூய்மை காக்கும் திறன், புகை, புகைக்குழாய் அடைப்பு ஆகிய நான்கும் சோதிக்கப்பெற்றன. இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அதுவரை பொறியின் நலம் மட்டுமே எண்ணெயின் தரம். இப்போது புகையும், அதாவது அடுத்தவர் நலமும், தரத்தின் பகுதியாயிற்று.

'சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும்'

ஆய்வுக்கூடத்தில் இவ்வளவும் நடந்தபோது தெருவில் நடந்தது வேறு. தமிழகத்தில் 1980-இல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50 எளிய குடும்பங்களின் வண்டியாயிற்று. 1980-களின் நடுவில் இந்த்-சுஸுகி ஏஎக்ஸ் 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகியவை வந்தன. ஆட்டோ ரிக்ஷாக்களும் பெரும்பாலும் இருவீச்சுப் பொறிகளே. மொபெட்டுக்கும் ஆட்டோவுக்கும் பெட்ரோல் பங்கிலேயே எண்ணெய் கலந்து ஊற்றப்பெற்றது.

இருசக்கர வண்டிகளுக்கு 2 விழுக்காடும், ஆட்டோக்களுக்கு 3 விழுக்காடும் போதும் என்பது தயாரிப்பாளர்களின் பரிந்துரை. ஆயின், தெற்காசிய நகரங்களின் ஆட்டோக்களை ஆராய்ந்த உலக வங்கி ஆய்வாளர்கள், ஓட்டுநர் பலர் அதற்கும் மிகுதியாக ஊற்றுவதைக் கண்டனர். எண்ணெய் கூடினால் பொறி நீண்டநாள் உழைக்கும், பெட்ரோலும் மிச்சமாகும் என்று அவர்கள் நம்பினர். அத்தோடு, உரிய டூ-டி எண்ணெயை விட்டு, உதிரியாக விற்ற மலிவான கனிம எண்ணெயையும் வாங்கினர்.

ஓட்டுநரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. எண்ணெய் குறைந்து பிஸ்டன் இறுகிப்போனால் அவரது பல நாள் வருமானம் போய்விடும். அந்த இழப்பு உடனே கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் மிகுந்தால் வரும் இழப்போ கண்ணுக்குத் தெரியாமல் ஊரார் நுரையீரலில் பங்கிடப்படும். அச்சம் உள்ளவர் எப்பக்கம் சாய்வார் என்பது வெளிப்படை.

உண்மையில் மிகுதியான எண்ணெய் பொறியையும் காப்பதில்லை. கரி படியும், ஸ்பார்க் பிளக் நனைந்து அணையும், புகை வெளியேறும் துளை அடைபடும். இன்னொன்றும் உண்டு: கலவையில் எண்ணெய் மிகுந்தால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறையும். அதனால் காற்றின் பங்கு கூடி, பொறி முன்னிலும் சூடேறக்கூடும். காக்கும் என்று ஊற்றியதே கேடாகும். அளவு மிஞ்சிய அமுதைப் பற்றிய நம் பழமொழி இங்கு அப்படியே பொருந்துகிறது.

சட்டம் ஏற்ற அளவு

டெல்லி நகரின் காற்று மாசு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28-இல் பிறப்பித்த ஆணை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். இருவீச்சு வண்டிகளுக்கு, முன்கூட்டியே எண்ணெய் கலந்த பெட்ரோலை மட்டுமே 1998 டிசம்பர் 31-க்குள் எல்லா நிலையங்களும் வழங்க வேண்டும் என்று அது பணித்தது. எண்ணெயை உதிரியாக வாங்கிக் கையால் ஊற்றும் வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம்.

வங்கதேசம் இன்னும் ஒருபடி சென்றது. டாக்காவில் இருவீச்சு ஆட்டோக்கள் 2002-ஆம் ஆண்டு முடிவோடு தடை செய்யப்பெற்றன. தமிழகத்தில் மொபெட்டே மாறியது. 2015-இல் நான்கு வீச்சுப் பொறியோடு டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வந்தது. சிங்கப்பூர், புதிய மோட்டார் சைக்கிள்களுக்கான ஐரோப்பியப் புகைத்தரத்தை 2003 ஜூலையில் நடைமுறைப்படுத்தியது. முன்பு குறிப்பிட்ட 2028 கெடுவுக்கு அந்நாளே எல்லைக்கோடாக அமைந்ததன் காரணம் இதுதான்.

ஆக, எண்ணெயின் அளவு முதலில் ஓட்டுநர் கையில் இருந்தது. பிறகு பம்பிடம் சென்றது. பிறகு சட்டத்திடம் சென்றது. இறுதியில் பொறியே சாலையை விட்டு நீங்குகிறது. எண்ணெயை எரித்தே தீரவேண்டியது பொறியின் குறைபாடு. அக்குறைபாட்டைப் பன்மடங்காக்கியது அளவறியாத கை. இதுவே நம் வினாவுக்கு விடை.

இன்றும் கலப்பவர்கள்

இக்கதை முற்றும் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். நம் வீவக அடுக்குமாடிகளின் கீழே புல் வெட்டும் ஊழியரின் தோளில் தொங்கும் இயந்திரம் பெரும்பாலும் இருவீச்சுப் பொறியே. அவ்வூழியருள் தமிழகத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தோர் பலர். சாலையில் புகை பின்னால் போய்விடும். தோளில் சுமப்பவருக்கோ அது முகத்தருகே நிற்கும். அவர் கலக்கும் எண்ணெயின் அளவால் முதலில் நலமோ கேடோ பெறுபவர் அவரே.

எனவே, கலப்போர் அறிய வேண்டியவை சில:

முதலாவது, பொறியின் கையேட்டில் உள்ள விகிதமே இறுதியானது. 50-க்கு 1 எனில் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிலிட்டர். 25-க்கு 1 எனில் 200 மில்லிலிட்டர். கண்ணளவு கூடாது, அளவுக் குவளை வேண்டும்.

இரண்டாவது, எண்ணெயின் வகை. நீரால் குளிரும் படகுப் பொறிக்கு டிசி-டபிள்யூ3 எனக் குறித்த, சாம்பல் விடாத எண்ணெய். காற்றால் குளிரும் புல்வெட்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி எனக் குறித்த எண்ணெய். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றலாகாது. கார்களுக்கான நான்கு வீச்சு எண்ணெய் இரண்டுக்கும் ஆகாது. அதிலுள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து சாம்பலாகப் படியும்.

மூன்றாவது, கலக்கும் முறை. பொறியின் தொட்டியில் அன்றி, தனிக் கலனில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, எண்ணெயைச் சேர்த்துக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை நிரப்ப வேண்டும். கலனில் விகிதத்தையும் நாளையும் எழுதுக. ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருத்தல் நன்றன்று. எண்ணெய்க்கு நீலமோ பச்சையோ சிவப்போ நிறமூட்டியிருப்பது, கலந்த பெட்ரோலை வெறும் பெட்ரோலிலிருந்து பிரித்தறிவதற்காகவே.

வகுப்பறைக்கு ஒரு குறிப்பு

தொடக்கநிலை மேல்வகுப்புகளில் மாணவர் விகிதம் கற்கின்றனர். 50-க்கு 1 என்னும்போது எண்ணெய் மொத்தக் கலவையில் 50-இல் ஒரு பங்கா, 51-இல் ஒரு பங்கா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். 3 விழுக்காடு என்பது ஏறத்தாழ எத்தனைக்கு ஒன்று என்பதையும் கணக்கிடச் செய்யலாம். விடை கண்டபின், வீட்டின் கீழே புல் வெட்டுபவர் அக்கணக்கை ஒவ்வொரு நாளும் போடுகிறார் என்பதைச் சொல்லுங்கள். அவர் நம் மொழி பேசுபவராகவும் இருக்கலாம். தாம் படிக்கும் விகிதம் ஒருவருடைய மூச்சோடு தொடர்புடையது என்பதைப் பிள்ளைகள் அறிந்தால், அப்பாடம் அவர்களுக்கு எளிதில் மறவாது.