சேர்வராயன் மலைச்சாலையில் பிரேக் ஆற்றல் மீட்பு: எடையும் இறக்கமும்

மின்வாகனத்தின் பிரேக் ஆற்றல் மீட்பைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நகரத்துச் சிக்னல்களையே சுற்றி வருகின்றன. மலைச்சாலையில் கணக்கு வேறு. சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டுக்கு ஏறும் வண்டி 1,000 மீட்டருக்கு மேல் உயர்கிறது. அதன் ஆற்றல் வேகத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. அந்த ஆற்றலில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை மோட்டாரின் திறனைவிட, சுமை செல்லும் திசையும் பேட்டரியில் உள்ள காலியிடமும்தான் தீர்மானிக்கின்றன என்பது என் வாதம்.

1,600 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் சுமார் 4.4 யூனிட். 22 கிலோமீட்டர் மலைச்சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், டயரின் உருளல் தடையும் காற்றும் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் தின்றுவிடும். மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி இழப்புகள் போக இரண்டு யூனிட்டுக்கு மேல் தேறும். முக்கால் மணி நேர இறக்கத்தில் சராசரித் திறன் ஐந்து கிலோவாட்டைக்கூடத் தொடாது. சிறிய மோட்டாரே இதைத் தாங்கும். ஆனால் அதே கார் மேலேற ஆறரை யூனிட் வரை செலவழித்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு திரும்புவதை இலவச மின்சாரம் என்று விற்பது நேர்மையில்லை.

இறங்கும் எடை ஏறும் எடையைவிட மிகுந்தால் கதை மாறும். சுவிட்சர்லாந்தின் பீல் நகரருகே ஒரு கல்குவாரியில், 45 டன் எடையுள்ள மின் டம்பர் லாரி காலியாக ஏறி, 65 டன் கல்லோடு இறங்குகிறது. செலவழிப்பதைவிட அதிகம் மீட்கும்படி வடிவமைக்கப்பட்டது அது. சேர்வராயனிலும் அந்த நிலை இருந்தது. இங்கே வெட்டிய பாக்சைட் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு இறங்கிச் சென்றது. பத்து டன் லாரி பதினைந்து டன் சுமையோடு 1,000 மீட்டர் இறங்குவதாகக் கொண்டால், காலியாக ஏறிய செலவு ஏறக்குறைய முழுதும் ஈடாகிவிடும். டீசல் லாரிகளில் அத்தனையும் பிரேக் டிரம்மிலும் எஞ்சினிலும் வெப்பமாகவே போனது. இன்றைய நிலை தலைகீழ்: சிமெண்டும் கம்பியும் மளிகையும் ஏறுகின்றன, இறங்கும் காபியும் மிளகும் அவற்றுக்கு நிகரான எடை அல்ல.

எனவே இன்று மீட்பின் முதற்பயன் பாதுகாப்பே. நீண்ட இறக்கத்தில் பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பு இழப்பதை மீட்பு தடுக்கிறது. ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் அதன் கட்டுப்பாட்டு அமைப்பு மின்னோட்டத்தை ஏற்காது. பல வண்டிகளில் முழுச் சுமையும் மறுபடி பிரேக் லைனிங்கின் மேல்தான் விழும். மலைமேல் விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, 100 விழுக்காட்டோடு காலையில் இறங்குகிறவர் இறக்கத்தின் தொடக்கத்திலேயே இந்த உதவியை இழக்கிறார். 40 யூனிட் பேட்டரியுள்ள காருக்குப் பத்து விழுக்காடு காலியிடம் தாராளம். 14 டன் பேருந்துக்கு மீட்பு இருபது யூனிட்டைத் தாண்டும் என்பதால், 200 யூனிட் பேட்டரியிலும் 85 விழுக்காட்டில் சார்ஜரை நிறுத்துவதே சரி. பெரிய சார்ஜிங் நிலையங்களை அடிவாரத்தில் அமைத்து, ஏற்காட்டில் உள்ளவற்றுக்கு இந்த வரம்புகளைக் கட்டாயமாக்க வேண்டும்.